கல்மேட்டில் காய்க்கும் திராட்சை: பிரெஞ்சு ஒயினுக்கு மண் செய்யும் வேலை

பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகரத்துக்கு வடக்கே, ஜிரோந்து கழிமுகத்தின் இடக்கரையை ஒட்டி நீளும் பகுதிக்கு மெடோக் என்று பெயர். அங்கே மண்வெட்டியை இறக்கினால் கல்லில்தான் மோதும். கூழாங்கல், சரளை, இடையிடையே மணல். கோதுமைக்கு ஆகாத நிலம். எவ்வளவு மழை பெய்தாலும் நீர் தங்காமல் கீழே இறங்கிவிடும், சத்தும் சொற்பம். ஆனால் உலகில் மிக அதிக விலைக்குப் போகும் ஒயின்களில் பல இந்தக் கல்மேடுகளில் விளைந்தவை. 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காகத் தயாரிக்கப்பட்ட தரவரிசையில் முதல் வகுப்பில் இடம்பெற்ற லாஃபித், லத்தூர், மர்கோ ஆகிய மூன்று தோட்டங்களும் இங்கேதான் இருக்கின்றன. 1973இல் அவற்றோடு சேர்த்துக்கொள்ளப்பட்ட மூதோன் ரோத்ஷில்து தோட்டமும் மெடோக்கைச் சேர்ந்ததே.

வளமான மண்ணில் நல்ல விளைச்சல் என்பது உழவின் பாலபாடம். திராட்சைக்கு மட்டும் அது ஏன் பொருந்தவில்லை? மண்ணின் சுவை வேர் வழியாக ஏறிப் பழத்தில் தங்குகிறது என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. சுண்ணாம்பு நிலத்து ஒயினில் சுண்ணாம்பு மணக்கிறதாம், தீக்கல் நிலத்து ஒயினில் புகை மணக்கிறதாம். கேட்க அழகாக இருந்தாலும் தாவரவியல் இதற்கு இடம் தரவில்லை. வேர் உறிஞ்சுவது நீரில் கரைந்த பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் போன்ற அயனிகளை மட்டுமே. அவை ஒயினில் இருக்கும் அளவு நாக்கு உணர்வதற்குப் போதாது. பாறைக்கோ ஆவியாகி மூக்கை எட்டும் மணம் எதுவும் இல்லை. ஒயினின் மணங்கள் பழத்துக்குள்ளும், பிறகு நொதிக்கும்போது ஈஸ்ட்டின் வேலையாலும், அதன்பின் நாள்பட வைத்திருக்கும்போதும் உருவாகின்றவை.

அப்படியானால் மண் செய்வது என்ன? 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் போர்தோ பல்கலைக்கழகத்தின் மண்ணியல் அறிஞர் ழெரார் செகன் இந்தக் கேள்வியோடு மெடோக் தோட்டங்களில் குழி தோண்டினார். மண்ணில் உள்ள எந்தச் சத்துக்கும் ஒயினின் தரத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக அவரால் காட்ட முடியவில்லை. சிறந்த தோட்டங்களுக்குப் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: கொடிக்கு நீர் எவ்வளவு, எப்போது கிடைக்கிறது என்ற ஒழுங்கு. மழை பெய்தால் சரளை அதை உடனே வடித்துவிடுகிறது. வறண்ட கோடையில், பல மீட்டர் ஆழம் இறங்கிய வேர்கள் கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நீரை எடுத்துக் கொடியைச் சாகாமல் காக்கின்றன. வெள்ளமும் இல்லை, பட்டினியும் இல்லை. போர்தோவில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. அந்த ஈர நாட்டில் கொடியை மிதமான தாகத்தில் வைத்திருக்க இப்படிப்பட்ட நிலம் தேவைப்படுகிறது.

இந்தத் தாகம் பழத்துக்குள் என்ன செய்கிறது என்பதுதான் கதையின் மையம். பனிக்காலம் முழுவதும் இலையுதிர்த்து உறங்கும் கொடி, சராசரி வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வசந்தத்தில் துளிர்க்கிறது. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையும் இதே தாவர இனம்தான். மஸ்கட் ஹாம்பர்க் என்ற அந்த ரகத்தைத் தெற்குப் பிரான்சின் வாந்து மலைச் சரிவுகளில் சாப்பிடும் பழமாக வளர்க்கிறார்கள். ஆனால் கம்பத்துக் கொடிக்கு உறக்கம் கிடையாது. கவாத்து செய்த நாளிலிருந்து நாள் எண்ணுவார்கள். ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் பறிப்பு நடக்கும். பிரான்சில் அந்த வசதி இல்லை. ஜூன் தொடக்கத்தில் பூ, அங்கிருந்து ஏறத்தாழ நூறு நாளில் அறுவடை. அக்டோபர் மழைக்கு முன்பு பழுத்தாக வேண்டும்.

அந்த நூறு நாளின் முதல் பாதியில் காய் பச்சையாக, இறுகி, வாயில் வைக்க முடியாத புளிப்போடு இருக்கும். அப்போது வேருக்கு நீர் தாராளமாகக் கிடைத்தால் கொடி புதிது புதிதாகத் தளிர் விட்டுக்கொண்டே போகும். இலைகள் தயாரிக்கும் சர்க்கரையைத் தளிர்களே தின்றுவிடும். காயும் நீர் குடித்துப் பருத்துவிடும். நீர் குறையும்போது கொடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகுகிறது. இலைத்துளைகள் ஒடுங்குகின்றன, தளிர்நுனி வளர்ச்சியை நிறுத்துகிறது, இனி சர்க்கரை போக வேண்டிய இடம் பழம் மட்டுமே என்றாகிறது.

ஆகஸ்டு மாதத்தில், மெடோக்கின் முக்கியக் கறுப்புத் திராட்சை ரகமான கபெர்னே சோவிஞோனின் ஒரு குலையை உற்றுப் பார்த்தால் இந்தத் திருப்பம் கண்ணுக்குத் தெரியும். ஒரே குலையில் பச்சைக் காய், இளஞ்சிவப்புக் காய், கருநீலப் பழம் மூன்றும் அடுத்தடுத்து இருக்கும். நிறம் மாறியதை விரலால் அழுத்தினால் நெகிழும். பச்சைக் காயோ அப்படியே விறைப்பாக இருக்கும். கருநீலப் பழத்தை நறுக்கினால் உள்ளே சதையில் நிறமே இல்லை. சிவப்பு ஒயினுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் முழுவதும் தோலின் சில செல் அடுக்குகளுக்குள் அடங்கிவிடுகிறது. துவர்ப்பு தரும் டானினும் தோலிலும் விதையிலும்தான் உள்ளது. ஆகவே பழம் சிறியதாக இருந்தால் ஒரு லிட்டர் சாற்றுக்குக் கிடைக்கும் தோலின் பங்கு கூடும். நிறமும் துவர்ப்பும் அடர்த்தியாக இறங்கும். தாகம் பழத்தைச் சிறிதாக்குவதோடு, ஆந்தோசயனின் உற்பத்தியைத் தூண்டவும் செய்கிறது. தாகம் எல்லை மீறினால் எல்லாம் கெடும்: இலை மஞ்சளித்து உதிரும், ஒளிச்சேர்க்கை நின்றுபோகும், பழம் பாதிப் பழுப்பில் சுருங்கிவிடும்.

மெடோக்கின் கற்கள் அங்கே பிறந்தவை அல்ல. பிரனீஸ் மலையிலிருந்தும் நடுப் பிரான்சின் மேட்டுநிலத்திலிருந்தும் ஆறுகள் பனியுகங்களில் உருட்டிக் கொண்டுவந்து சேர்த்தவை. 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் வாய்க்கால் வெட்டிச் சதுப்பு நீரை வடிக்கும்வரை மெடோக்கின் பெரும்பகுதி சேறும் நாணலுமாகக் கிடந்தது. மேற்கே லாந்து பைன் காடு அட்லாண்டிக் காற்றைத் தடுக்கிறது. வடிந்த கல்நிலம் ஈரமண்ணைவிட விரைவில் சூடேறும். தாமதமாகப் பழுக்கும் கபெர்னே சோவிஞோனுக்கு இந்தச் சூடு இன்றியமையாதது. அது சரியாகப் பழுக்காவிட்டால் மெத்தாக்சிபைரசின் என்ற வேதிப்பொருள் தோலில் மிஞ்சிப் பச்சைக் குடைமிளகாய் வாசம் அடிக்கும். 1997இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நடந்த மரபணு ஆய்வு, இந்த ரகத்தின் பெற்றோர் கபெர்னே ஃபிரான் என்ற கறுப்புத் திராட்சையும் சோவிஞோன் பிளான் என்ற வெள்ளைத் திராட்சையும் என்று காட்டியது. அந்தக் குடைமிளகாய் வாசம் பெற்றோர் இருவரிடமும் உண்டு.

ஆற்றைக் கடந்து வலக்கரைக்குப் போனால் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும். களிமண் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் வசந்தத்தில் குளிர்ந்தே கிடக்கிறது. கபெர்னே சோவிஞோன் அங்கே திணறும். ஒன்றிரண்டு வாரம் முன்னதாகப் பழுக்கும் மெர்லோ என்ற கறுப்பு ரகம் செழிக்கும். செகனின் கருத்துக்கு எனக்குத் தெரிந்த மிக அழகான சான்று வலக்கரையின் பொமெரோலில் உள்ளது. புகழ்பெற்ற பெத்ரூஸ் தோட்டம் நிற்பது நீலக் களிமண் மேட்டில். ஈரத்தைத் தேக்கும் களிமண்ணில் தாகம் எப்படி வரும்? அந்தக் களிமண்ணின் நுண்துகள்கள் நீரை இறுகப் பற்றிக்கொண்டு வேருக்கு எளிதில் விடுவதில்லை. கோடையில் நீர் அருகிலேயே இருக்கும், ஆனால் சிறிது சிறிதாகத்தான் கிடைக்கும். சரளையும் களிமண்ணும் நேரெதிர் மண்வகைகள். கொடிக்கு அவை அளந்து கொடுக்கும் நீர் மட்டும் ஏறத்தாழ ஒன்று.

வடக்கே ஷாம்பேன் பகுதியில் பிரச்சினை வேறு. நீண்டகால சராசரி வெப்பநிலை 11 டிகிரி அளவில் நிற்கும் அந்த நாட்டில் திராட்சை பழுப்பதே போராட்டம். சர்க்கரை குறைவு, புளிப்பு மிகுதி. குளிரான ஊர்ப் பழத்தில் ஏன் புளிப்பு தங்குகிறது என்பதற்கும் காரணம் உண்டு. திராட்சையில் டார்டாரிக், மாலிக் என்று இரண்டு முக்கிய அமிலங்கள். மாலிக் அமிலத்தைப் பழம் சுவாசத்துக்கு எரிபொருளாகப் பயன்படுத்துகிறது. வெப்பம் கூடினால் சுவாசம் வேகமாகி அந்த அமிலம் தீர்ந்துபோகும், குளிரில் அப்படியே மிஞ்சும். இந்தப் புளிப்பைத்தான் ஷாம்பேன்காரர்கள் மூலதனமாக மாற்றினார்கள். புளித்த, மெலிந்த ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, லிட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து அடைத்துவிட்டால் உள்ளேயே மறுபடி நொதித்து, வெளியேற வழியில்லாத கரியமில வாயு ஆறு மடங்கு வளிமண்டல அழுத்தம் வரை ஒயினிலேயே கரைந்து நிற்கும். அங்கே பயிராகும் திராட்சையில் பெரும்பகுதி பினோ நுவார், மெனியே என்ற கறுப்பு ரகங்கள். தோலின் நிறம் இறங்குவதற்குள் மென்மையாகப் பிழிந்து வெள்ளைச் சாறாக எடுத்துவிடுகிறார்கள்.

ஷாம்பேனின் அடிநிலம் சீமைச்சுண்ணாம்புப் பாறை. கிரிட்டேசியக் கடலில் வாழ்ந்த நுண்ணுயிரிகளின் ஓடுகள் படிந்து உண்டானது. ஒரு கன மீட்டர் பாறை 300 முதல் 400 லிட்டர் வரை நீரைத் தன் நுண்துளைகளில் வைத்திருக்கும். மண்பானையின் சுவரில் நீர் ஊறுவதுபோல அது மெல்ல மேலேறி வேரை அடைகிறது. ஈர ஆண்டில் மிகுதி நீர் கீழே போய்விடும், வறண்ட ஆண்டில் கீழிருந்து ஈரம் வரும்.

இந்தச் சுண்ணாம்பே ஒரு காலத்தில் பெரும் சிக்கலாயிற்று. 1863 வாக்கில் தெற்கே ரோன் ஆற்றங்கரைத் தோட்டங்களில் கொடிகள் காரணம் தெரியாமல் வாடத் தொடங்கின. 1868இல் மோன்பெலியே நகரத் தாவரவியலாளர் ழூல் எமில் பிளான்ஷோனும் உடன் சென்றவர்களும் உயிருள்ள கொடிகளின் வேரைத் தோண்டிப் பார்த்தபோது, மஞ்சள் நிறத்தில் அசுவினி போன்ற நுண்பூச்சிகள் மொய்த்துக் கிடந்தன. ஃபிலாக்சரா என்ற அந்தப் பூச்சி அமெரிக்காவிலிருந்து செடிகளோடு வந்தது. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் பிரெஞ்சுத் தோட்டங்களின் பெரும்பகுதியை அது அழித்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர் அந்தப் பூச்சியைத் தாங்கும் என்பதால், அமெரிக்க வேர்ச்செடியின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டும் வழி கண்டார்கள். ஆனால் முதலில் வந்த அமெரிக்க வேர்கள் சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இலை வெளிறிச் செத்தன. ஷாம்பேனுக்கும், பிராந்திக்குப் பெயர்போன கோன்யாக்குக்கும் இது வாழ்வா சாவா என்ற நிலை. 1887இல் பியேர் வியாலா என்ற அறிஞரை அரசு அமெரிக்காவுக்கு அனுப்பியது. டெக்சாஸின் டெனிசன் ஊரில் இருந்த தோட்டக்கலை வல்லுநர் தாமஸ் மன்சன், அந்த மாநிலத்தின் சுண்ணாம்புக் குன்றுகளில் தானாக வளரும் பெர்லாந்தியேரி என்ற காட்டுக் கொடியைச் சுட்டிக்காட்டினார். அதன் குச்சி எளிதில் வேர்விடாது என்பதால் வேறு இனங்களோடு கலந்த கலப்பினங்களே பயன்பாட்டுக்கு வந்தன. 41பி என்ற கலப்பின வேர்ச்செடி ஷாம்பேனின் சுண்ணாம்பில் பரவலாக நடப்பட்டது. கோன்யாக்கும் டெனிசனும் இன்று சகோதர நகரங்கள். பிரெஞ்சு மண்ணைப் பற்றி எவ்வளவு பெருமை பேசினாலும், அந்த மண்ணைத் தொடும் வேர்கள் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் அமெரிக்க வம்சாவளி என்பதை அதோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

கிழக்குப் பிரான்சின் பர்கண்டிக்கு வந்தால் சரிவைப் பற்றிப் பேசியாக வேண்டும். கோட் தோர் என்பது கிழக்கு நோக்கிய, ஒடுக்கமான, நீண்ட சரிவு. உச்சியில் மேல்மண் மெலிந்து பாறை எட்டிப் பார்க்கிறது. அடிவாரத்தில் அரித்து வந்த மண் கனமாகத் தேங்கி நீர் கோக்கிறது, குளிர்காற்றும் இரவில் அங்கேதான் இறங்கித் தங்குகிறது. நடுச்சரிவில் மண்ணின் கனமும் வடிகாலும் காலை வெயிலும் பொருந்தி வருகின்றன. உயர்தரத் தோட்டங்கள் ஒரு பட்டைபோல் அந்த உயரத்திலேயே ஓடுவதற்குக் காரணம் இதுதான். இடைக்காலத்தில் சிஸ்தெர்சியன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் துண்டு துண்டாக இந்த நிலத்தின் வேறுபாடுகளைக் கவனித்துக் கல்சுவர் எழுப்பிப் பிரித்தார்கள். அப்படிப் பெயரிட்டு வகுத்த துண்டுகள் 1247 என்று கணக்கிட்டு, 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷர்டோனே என்று ஒவ்வொரு ஒயினுக்கும் ஒரே ரகத்தைப் பயன்படுத்துவதால், நிலத்தின் வேறுபாட்டை மறைக்க பர்கண்டியில் வேறு ரகம் கலப்பதில்லை. போர்தோவில் ஒரு ரகம் மழையில் கெட்டால் இன்னொன்று ஈடுகட்டும். பினோ நுவாரின் மெல்லிய தோலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 1395இல் பர்கண்டிப் பிரபு துணிச்சல்மிகு பிலிப், மிகுதியாகக் காய்க்கும் கமே ரகத்தை வெட்டி எறியச் சொல்லி ஆணையிட்டார். அது தெற்கே பொஜோலேயின் கருங்கல் மண்ணில் குடியேறி அங்கே நன்றாகவே வாழ்கிறது. 1999இல் வெளியான மரபணு ஆய்வின்படி ஷர்டோனேயும் கமேயும் உடன்பிறப்புகள். இரண்டுக்கும் ஒரு பெற்றோர் பினோ, மற்றொன்று உழவர்கள் தமக்கென்று வளர்த்த, யாரும் மதிக்காத குவே பிளான்.

காற்றும் மலையும் செய்யும் வேலைகளும் உண்டு. நாட்டின் வடகிழக்கு எல்லையில் உள்ள அல்சாஸில் மேற்கிலிருந்து வரும் மேகங்களை வோஜ் மலை தடுத்துவிடுவதால், அடிவாரத்து கொல்மார் நகரம் பிரான்சின் மிக வறண்ட ஊர்களில் ஒன்று. அந்த நீண்ட, காய்ந்த இலையுதிர்காலத்தில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை நிதானமாகப் பழுக்கிறது. ரோன் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து வீசும் மிஸ்ட்ரால் காற்று கொடியை முறிக்கும் அளவுக்குக் கடுமையானது. ஆனால் இலையின் ஈரத்தை உலர்த்திப் பூஞ்சை நோயை விரட்டிவிடும். காற்று முறித்துவிடாமல் இருக்கத் தெற்கே கிரெனாஷ் ரகக் கொடியைக் குட்டையான புதராகவே வளர்க்கிறார்கள். லுவார் ஆற்றங்கரை தனிக் கட்டுரைக்குரியது; ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் ஆற்றின் ஒரு முனையில் கடற்காற்று, மறுமுனையில் கண்டத்துக் குளிர்.

மூடுபனியையே பயிர்க்கருவியாக்கிய ஊர் சொதெர்ன், போர்தோவுக்குத் தெற்கே. மரநிழலில் ஓடிவரும் சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு, வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கிறது. இலையுதிர்காலக் காலைகளில் அங்கே பனிமூட்டம் எழுந்து தோட்டங்களை மூடும். நண்பகல் வெயிலில் கலைந்துவிடும். ஈரத்தில் பொட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை செமியோன் திராட்சையின் மெல்லிய தோலைத் துளைக்கிறது. வெயிலில் அந்தத் துளைகள் வழியே நீர் ஆவியாகிறது. பூஞ்சை அமிலத்தில் ஒரு பகுதியைத் தின்று கிளிசராலை உண்டாக்குகிறது. பொன்னிறப் பழம் முதலில் பழுப்பாகி, பிறகு சுருங்கி, சாம்பல் நிறப் பூசணம் படிந்த வற்றலாகிறது. பார்க்க அருவருப்பாக இருந்தாலும் உள்ளே தேன்போன்ற சாறு. ஒரே குலையில் ஒரு பழம் சுருங்கியிருக்கும், பக்கத்துப் பழம் இன்னும் முழுதாக இருக்கும். ஆகவே பறிப்பவர்கள் சிறு கத்தரியோடு பல வாரங்கள் திரும்பத் திரும்ப வந்து, தயாரானதை மட்டும் நறுக்கி எடுக்கிறார்கள். சாற்றில் அவ்வளவு சர்க்கரை இருப்பதால் ஆல்கஹால் 14 சதவீத அளவை எட்டியதும் ஈஸ்ட் ஓய்ந்துவிடும். மிச்சச் சர்க்கரை ஒயினில் தங்கிவிடும். வெயில் வராமல் ஈரம் மட்டும் நீடித்தால் இதே பூஞ்சை குலையை அழுகவைத்துவிடும். சொதெர்னின் புகழ்பெற்ற இக்கெம் தோட்டம் 1992இலும் 2012இலும் தன் பெயரில் இனிப்பு ஒயின் வெளியிடவே இல்லை.

எந்த ஊரில் எந்த ரகம், எவ்வளவு விளைச்சல், எப்படிக் கவாத்து என்று 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பிரான்ஸ் விதிகளை உறுதியாக்கியது. கொடிக்குப் பாசனம் செய்வதும் இந்த விதிகளால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. பல நூற்றாண்டு அனுபவத்தைச் சட்டமாக்கியது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த அனுபவம் அன்றைய வெப்பநிலையில் சேர்ந்தது. பர்கண்டியின் போன் நகரத்தில் அறுவடை தொடங்கிய நாள்கள் 1354 முதல் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. 1988க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முந்திவிட்டதை அந்தத் தொடர் காட்டுகிறது. வெப்பமான மார்ச்சில் கொடி சீக்கிரம் துளிர்த்துவிட, ஏப்ரல் உறைபனி அந்தத் துளிரைக் கருக்குகிறது. 2021 ஏப்ரலில் நாட்டின் பெரும்பாலான ஒயின் பகுதிகள் இதில் அடிபட்டன. பர்கண்டியின் வடகோடியில் உள்ள ஷப்லியில் அத்தகைய இரவுகளில் துளிரின்மேல் நீரைத் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள். உறையும் ஒவ்வொரு கிராம் நீரும் 80 கலோரி வெப்பத்தை விடுவதால், பனிக்கட்டி உறைக்குள் துளிர் பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகிலேயே தப்பிக்கிறது. தெளிப்பு நடுவில் நின்றால் எல்லாம் போய்விடும்.

கோடை நீள நீள, சீக்கிரம் பழுக்கும் மெர்லோ ஆகஸ்டு வெப்பத்திலேயே சர்க்கரையை அள்ளிக்கொண்டு புளிப்பை இழக்கிறது. 2021இல் போர்தோ ஆறு புதிய ரகங்களுக்கு அனுமதி பெற்றது. அவற்றில் போர்த்துகலின் தூரிகா நசியோனாலும், கபெர்னே சோவிஞோனையும் கிரெனாஷையும் கலந்து உருவாக்கிய மார்செலானும் உண்டு. தோட்டத்தில் 5 சதவீதப் பரப்பு, ஒயினில் 10 சதவீதக் கலவை என்பதே இப்போதைய வரம்பு. நட்ட கொடி பயன்தரும் பழம் கொடுக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதன்பின் நாற்பது ஐம்பது ஆண்டுகள் நிற்கும். எந்த ரகம் மாறிவரும் காலநிலைக்குப் பொருந்தும் என்று போர்தோவின் ஆய்வுத் தோட்டங்களில் இப்போது ஐம்பதுக்கும் மேற்பட்ட ரகங்களை அருகருகே வளர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.